ஜோதிக்கு, பார்க்கிங் காசு பற்றி

நாட்டிங்காம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜோதி,

உன் நீண்ட மின்னஞ்சலை நேற்று ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியே வருஷங்களை ஓட்டிவிட்டோம். இப்படி எழுதினால்தான் உன் குரல் கேட்கிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. "வலிக்குது கண்ணு, போதும்" என்பார், கேட்காதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் லீட்ஸுக்குப் படிக்கப் போய்விட்டான். சாம்பார் பொடி தீர்ந்தால் மட்டும் போன் பண்ணுகிறான். இவருக்கு இந்த மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, அதனால் பகலில் வீட்டில் மிக்ஸி போட முடியாது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலிலிருந்து உங்கள் கோவை ஆபீஸில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு பார்க்கிங் காசைச் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்கள், சுற்றறிக்கை எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, அதற்குள்ளேயே லிஃப்டில் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பாவம்தான் நீ. ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இந்த ஊரில் இந்தக் காசு 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் அதற்கான உரிமத்துக்கு விண்ணப்பம் போடுகிறவளே நான்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே ஊழியரிடம் மாநகராட்சி நேரடியாக ஒரு காசும் வாங்குவதில்லை. வாங்குவது முதலாளியிடம். மாநகராட்சி எல்லைக்குள் ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு 11 அல்லது அதற்கு மேல் கார் நிறுத்தும் இடம் கொடுத்தால், ஒவ்வோர் இடத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். 10 வரைக்கும் காசு கிடையாது, ஆனால் உரிமம் மட்டும் எடுத்தாக வேண்டும். தொடங்கியபோது ஓர் இடத்துக்கு 288 பவுண்டு. விலைவாசியோடு சேர்ந்து ஏறி, 2024-25-இல் 551 பவுண்டு ஆகிவிட்டது. அதை நிறுவனம் தன் கையிலிருந்தே கட்டலாம், ஊழியர் தலையிலும் கட்டலாம். அது அவரவர் இஷ்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களுக்கு விலக்கு உண்டு. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், நேரடியாக நோயாளிகளைப் பார்க்கிற அரசு மருத்துவமனை போன்றவற்றுக்கும் விலக்கு. விலக்கு என்றவுடன் எங்கள் வீட்டுக்காரர் ஓசியில் வண்டி நிறுத்துகிறார் என்று நினைத்துவிடாதே. ஆஸ்பத்திரிகள் தங்கள் கணக்கில் தனியாக வசூலிக்கின்றன, அது வேறு கதை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது 2000-இல் வந்த போக்குவரத்துச் சட்டம். கொடுத்து என்ன, கையில் எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாட்டிங்காம்தான் முதலில் இறங்கியது. பக்கத்து ஊரான லெஸ்டர் தானும் செய்யலாமா என்று யோசித்து, 2022-இல் வேண்டாம் என்று கைவிட்டது. ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு கசக்கும் என்பது உனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இங்கே அந்தக் கசப்பை விழுங்க வைத்தது டிராம். ஹக்னலுக்குப் போகிற முதல் தடம் 2004-லேயே வந்துவிட்டது. தெற்கே கிளிஃப்டனுக்கும் மேற்கே டோட்டன் லேனுக்கும் இன்னும் இரண்டு தடம் போட வேண்டும், அதற்கு ஏறக்குறைய 57 கோடி பவுண்டு ஆகும், நம் பங்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பார்த்தார்கள். பார்க்கிங் காசு அதற்குத்தான். வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் பவுண்டு வருகிறது. சட்டப்படி அதைப் போக்குவரத்துக்குத் தவிர வேறெதற்கும் தொட முடியாது. 2023 நவம்பரில் எங்கள் மாநகராட்சி வரவு செலவு கட்டுப்படியாகவில்லை என்று அதிகாரபூர்வமாகவே கையை விரித்தது. நூலகம், முதியோர் சேவை எல்லாவற்றிலும் வெட்டு விழும் என்று ஊரே கலங்கியது. அப்போதும் இந்தப் பணத்தை எடுத்து வேறு பள்ளத்தை நிரப்ப முடியவில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் டிராம் காசு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆனால் ஒன்று. காசு 2012-இல் வந்தது, புதுத் தடங்களில் டிராம் ஓடியது 2015 ஆகஸ்டில். நடுவில் மூன்று வருஷம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காசும் கட்டிவிட்டு, தோண்டிய ரோட்டில் வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் அப்போது பேசிய பேச்சை எழுத முடியாது. அந்த மூன்று வருஷத்தில் எங்கள் கம்பெனியில் காரை விட்டவர் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். வேறு வழி கண்ணில் தெரியாதவனிடம் காசு கேட்டால் கட்டுவான், திட்டுவான், மறுநாளும் காரில்தான் வருவான்.

கம்பெனிக்காரர்கள் மட்டும் உடனே மாறினார்கள். இதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். உரிமத்தில் எழுத வேண்டியது எத்தனை ஊழியர் காரில் வருகிறார்கள் என்பது இல்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை வண்டி நிற்கும் என்பதுதான். அதற்கு மேல் ஒரு வண்டி நின்று, ஆய்வுக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டால் அபராதம். எங்களுடையது நாட்டிங்காமுக்குள்ளேயே லென்டன் என்கிற பகுதிப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இன்ஜினியரிங் தொழிற்சாலை, ஷிப்டு முறை. நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்று மணிக்கு மணி எண்ணினேன். காலையிலும் நடுப்பகலிலும் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான். மதியம் இரண்டு மணிக்குத்தான் கணக்கு எகிறியது. முதல் ஷிப்டு ஆள் இன்னும் கை கழுவிக்கொண்டிருப்பான், இரண்டாம் ஷிப்டு ஆள் சீக்கிரமே வந்து நிறுத்தியிருப்பான். அந்த இருபது நிமிஷ நெரிசலுக்காக வருஷம் முழுக்கக் காசு கட்ட வேண்டும்! முதலாளி தாளைப் பார்த்தார், பேசாமல் எழுந்து போனார். அடுத்த மாதமே இரண்டாம் ஷிப்டு கொஞ்சம் தள்ளித் தொடங்கியது. வேலையைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டிய மேஸ்திரிகளுக்கு மட்டும் பழைய நேரம். பின்பக்கம் கடைசி வரிசையில் இருந்த கோடுகளை அழித்து, அங்கே சைக்கிள் கொட்டகை போட்டார். ஊர் முழுக்க இதே கதைதான். காசு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நிறுவனங்கள் கணக்கில் வரும் இடங்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டன. நாட்டிங்காம் கதையைச் சொல்கிறவர்கள் ஊழியர் மாறினாரா என்று மட்டும் கேட்கிறார்கள். முதலில் மாறியது தார் போட்ட தரை.

2015-க்குப் பிறகுதான் ஆட்கள் மாறினார்கள், அதுவும் எல்லோரும் இல்லை. எங்கள் பேக்கிங் பிரிவில் கிளிஃப்டனிலிருந்து வரும் ஓர் அம்மா இருக்கிறார். கிளிஃப்டன் என்பது டிரெண்ட் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பெரிய குடியிருப்பு. காலையில் ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். டிராமுக்கு வில்ஃபோர்டில் தனிப் பாலம். காரை வைத்துக்கொண்டே, வேலைக்கு மட்டும் டிராமில் வர ஆரம்பித்தார். "காசு மிச்சமா?" என்று கேட்டேன். "எங்கே மிச்சம், டிராம் டிக்கெட் உன் பார்க்கிங் காசைவிட அதிகம்" என்றார். உண்மைதான். 551 பவுண்டை வேலை நாட்களுக்குப் பிரித்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டரை பவுண்டு அளவில்தான் வரும், டிராமில் ஒரு நாள் டிக்கெட்டே அதைவிட அதிகம். அப்புறம் ஏன் வருகிறார்? பாலத்தில் நிற்க வேண்டாம், பனி விழுந்த காலையில் கண்ணாடியைச் சுரண்ட வேண்டாம், தலையைச் சாய்த்துக்கொண்டு வரலாம். பார்க்கிங் காசு அவரைக் காரிலிருந்து இறக்கவில்லை. அது டிராமைக் கொண்டு வந்தது, டிராம் அவரை இறக்கியது. இதை நீ உன் மேனேஜ்மென்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, டர்பிஷயர் பக்கம் ரிப்லியிலிருந்து வரும் லேத் ஆபரேட்டர் ஒருவர். அவர் ஊரில் ரயில் நிலையமே இல்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு பஸ்ஸை நம்பி வர முடியாது. அவருக்கு இது சம்பளத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் வருகிற நேரத்தில் ரோட்டில் நெரிசலே கிடையாது. இதில் நியாயம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அதோடு, மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிற பீஸ்டனிலோ வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டிலோ இருக்கும் கம்பெனிக்கு இந்தக் காசே கிடையாது என்பதையும் அவர் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். இன்னும் சிலர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெருவில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருவது. கார் கண்ணாடியில் கோபமாகத் துண்டுச்சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தன. பிறகு அந்தத் தெருக்கள் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தார்கள். உங்கள் சரவணம்பட்டியில் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்காரர்கள் பலகை வைக்க மாட்டார்கள், நேரே உன் செக்யூரிட்டியின் சட்டையைப் பிடிப்பார்கள். முன்கூட்டியே யோசித்து வை.

இப்போது உன் சுற்றறிக்கைக்கு நேரடியாக உதவுகிற விஷயம். எங்கள் கம்பெனி முதலில் வருஷத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தது. நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். வேண்டாம் ஜோதி. நம் ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் இருக்கிறதா? மாதத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகவே பசி இல்லாத ராத்திரியிலும் போய் அந்த ரவா உப்புமாவின் முன்னால் உட்காருவோமே. மாதப் பிடித்தமும் அப்படித்தான் வேலை செய்தது. முதல் தேதியே காசு போய்விட்டது, இனிமேல் காரை எடுக்காவிட்டால்தான் நஷ்டம் என்று ஆகிவிடும். முன்பு வாரத்தில் ஒருநாள் சைக்கிளில் வந்தவர்கூட நிறுத்திவிட்டார். காரைக் குறைக்கவென்று வந்த காசு காரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வைத்தது.

கொரோனாவுக்குப் பிறகு ஆபீஸ் பிரிவில் பாதிப் பேர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வர ஆரம்பித்தார்கள். வராத நாளுக்கும் பிடிப்பதா என்று சண்டை வந்தது. சண்டைக்குப் பயந்துதான் முதலாளி நாள் கணக்குக்கு மாற்றினார், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முந்தின நாள் ராத்திரிக்குள் போனில் இடம் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்த நாளுக்கு மட்டும் காசு. மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் வராதபடிதான் விலை வைத்தோம். ஆனாலும் ஆட்கள் மாறினார்கள். ராத்திரி போனைக் கையில் எடுக்கும்போது "நாளைக்கு உண்மையிலேயே கார் வேணுமா?" என்று ஒரு கேள்வி வருகிறது பார், அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடுகிற நாளில் கார், மற்ற நாளில் டிராம், மழை இல்லாவிட்டால் சைக்கிள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. எவரும் காரை விற்கவில்லை. ஆனால் வியாழன், வெள்ளியில் எங்கள் வளாகத்தில் பந்து விளையாடலாம் போல இருக்கிறது. இப்போது உரிமத்தில் எழுதுகிற எண்ணையே குறைத்துவிட்டோம்.

காசு வாங்குவதைத் திருப்பிப் போட்டும் செய்யலாம். கலிபோர்னியாவில் 1992-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஒரு கம்பெனி ஊழியருக்காக வாடகைக்கு இடம் எடுத்து இலவசமாக பார்க்கிங் கொடுத்தால், எனக்கு இடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு அந்த வாடகையைக் கையில் பணமாகக் கொடுக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்டு ஷூப், இதைச் செய்த எட்டு நிறுவனங்களை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். தனியாகக் காரில் வந்தவர்கள் நூற்றுக்கு 76 பேரிலிருந்து 63 ஆகக் குறைந்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில், ஜோதி! காரில்லாமல் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகாத ஊரில். அங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, ஏனென்றால் யாரிடமிருந்தும் எதையும் பிடிக்கவில்லை.

உங்கள் அடித்தள பார்க்கிங்கும் கட்டட உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்ததுதான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இந்தக் கணக்கு உங்களுக்கு அச்சாகப் பொருந்தும். இப்போது நடப்பதைக் கொஞ்சம் கவனி. காரில் வருகிற மேனேஜருக்குக் கம்பெனி மாதாமாதம் ஓர் இடத்துக்கு வாடகை கட்டுகிறது. ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலைந்து ஸ்கூட்டி நிற்கும். காந்திபுரத்திலிருந்து இலவச டவுன் பஸ்ஸில் வருகிற ரிசப்ஷன் பெண்ணுக்கு அந்த வாடகையில் ஒரு ரூபாயும் இல்லை. 2021-இலிருந்து அவளுடைய டிக்கெட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, உங்கள் கம்பெனி அவள் ஆபீஸுக்கு வருவதற்கென்று எதையும் செலவழிக்கவில்லை. இலவச பார்க்கிங் என்பது எல்லோருக்கும் பொதுவான சலுகை மாதிரித் தெரியும், ஆனால் அதிகச் சம்பளக்காரனுக்குப் போகிற கூடுதல் சம்பளம் அது. இதைச் சுற்றறிக்கையில் எழுத முடியாது, தெரியும். மீட்டிங்கில் சொல்லலாம், அதுவும் உன் வாயால் சொன்னால் எடுபடும்.

அதனால் நான் உன் இடத்தில் இருந்தால் டூவீலரைத் தொடவே மாட்டேன். அவிநாசி ரோடு மேம்பாலம் வந்த பிறகும் கீழே நெரிசல் தீரவில்லை என்கிறாயே, அந்த நெரிசலுக்குக் காரணம் ஸ்கூட்டியில் வருகிற டெஸ்டிங் டீம் பெண்கள் இல்லை. காருக்கு மட்டும், நாள் கணக்கில் காசு. அந்தக் காசு கம்பெனி கணக்கில் கரையாமல், வண்டி கொண்டு வராதவர்களுக்குப் படியாகவோ, பஸ் நிறுத்தத்திலிருந்து ஆபீஸுக்கு ஒரு வேனாகவோ திரும்பி வர வேண்டும். வேன் முதலில் ஓட வேண்டும், காசு பிறகு. இங்கே பட்ட மூன்று வருஷப் பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை. இருவர் மூவர் சேர்ந்து ஒரே காரில் வந்தால் காசு வேண்டாம் என்று விடு. கர்ப்பிணிகள், கால் முடியாதவர்கள், ராத்திரி ஷிப்டு முடிந்து போகிறவர்கள், இவர்களை முதல் நாளே விலக்கிவிடு. அவர்கள் உன் அறை வாசலில் வந்து நின்று கேட்க வேண்டிய நிலையை வைக்காதே.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டைரக்டர்களுக்குத் தனியாக லிஃப்டுக்குப் பக்கத்தில் நாலு இடம் ஒதுக்கி, அதற்குக் காசு கிடையாது என்று வைத்தால், நீ எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்தச் சுற்றறிக்கை கேன்டீனில் சிரிப்பாய்ச் சிரிக்கும். எங்கள் முதலாளி கஞ்சன், ஆனால் அவரும் முந்தின நாள் ராத்திரி போனில் பதிவு செய்கிறார். ஒருமுறை மறந்துவிட்டு வந்து, இடமில்லாமல் வெளியே எங்கோ நிறுத்திவிட்டு மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தார். அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் முணுமுணுப்பதில்லை.

உன் மேனேஜ்மென்ட் இதையெல்லாம் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். மாதப் பிடித்தம் அக்கவுண்ட்ஸுக்குச் சுலபம், ஒரே வரி. நாள் கணக்கு தலைவலி, அந்தத் தலைவலியை இங்கே அனுபவிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஐடி ஆட்கள் ஒரு வாரத்தில் ஒரு ஆப் எழுதிவிடுவார்கள், அதையே காரணமாகச் சொல்லித் தப்பிக்க விடாதே. சுற்றறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒருமுறை அனுப்பு, எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன். ஏப்ரலுக்கு முந்தின வாரம் மட்டும் அனுப்பாதே, அது இங்கே உரிமம் புதுப்பிக்கிற நேரம், தலை நிமிர முடியாது.

டிசம்பரில் வருகிறோம். இவருக்கு லீவு கிடைத்துவிட்டது, சின்னவளுக்குப் பள்ளி விடுமுறை. அம்மா அதற்குள் நடந்துவிடுவார், இல்லையா? மருதமலைக்குப் படியில் வேண்டாம், பஸ்ஸில் கூட்டிப் போவோம். வரும்போது என்ன வேண்டும் என்று எழுது. சாக்லேட் என்று மட்டும் எழுதாதே, உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று உன் தங்கை சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உமா